சுவரில் தொங்கிய உண்டியல்

2022 ஜனவரி. பிரிட்டனில் மின்சாரமும் கேஸும் விற்கும் பெரிய நிறுவனம் ஒன்று, பில் ஏறாமல் குளிர்காலத்தை ஓட்டுவது எப்படி என்று தன் வாடிக்கையாளர்களுக்கு இணையத்தில் யோசனை சொன்னது. வீட்டு நாயையோ பூனையையோ கட்டிப்பிடித்துக்கொள்ளலாம். கைகாலை விரித்துக் குதிக்கலாம். ஒரு கிண்ணம் ஓட்ஸ் கஞ்சி சூடாகக் குடிக்கலாம். ஊரே கொதித்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

அந்தக் கஞ்சிக்கு நூறு வருஷத்துக்கு மேல் வயசு. தெற்கு லண்டனில் லாம்பெத் என்றொரு பகுதி. 1909 முதல் சில வருடங்கள் ஃபேபியன் பெண்கள் குழுவினர் அங்கே வீடு வீடாகப் போய், கூலிக் குடும்பங்களின் வாரச் செலவை வரிவரியாக எழுதிவைத்தார்கள். அந்தக் கணக்குகளை வைத்து மாட் பெம்பர் ரீவ்ஸ் 1913-ல் 'ரவுண்ட் அபவுட் எ பவுண்ட் எ வீக்' என்ற புத்தகத்தை எழுதினார். வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு பவுண்டில் ஒரு குடும்பம் எப்படி வாழ்கிறது என்பதுதான் விஷயம். அதிலும் கஞ்சி வருகிறது. ரொட்டிக்குப் பதில் ஓட்ஸ் கஞ்சி காய்ச்சுங்களேன், மலிவு, சத்தும் அதிகம் என்று வசதியான வீட்டுப் பெண்கள் லாம்பெத் அம்மாக்களுக்குச் சொல்லிப் பார்த்தார்கள். அம்மாக்களிடம் பதில் இருந்தது. கஞ்சி பதமாக வேக நேரம் பிடிக்கும், அவ்வளவு நேரம் அடுப்பெரியக் காசு வேண்டும். இருப்பதோ ஒன்றிரண்டு பழைய பாத்திரம், அதுவும் அடிப்பிடிக்கும். பாலும் சர்க்கரையும் இல்லாமல் பிள்ளைகள் வாயில் வைக்காது. ரொட்டிக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. அடுப்பே வேண்டாம்.

அடுப்பெரியக் காசில்லாத வீடு எப்படிச் சமாளித்தது? இந்தக் கேள்வியின் வரலாற்றைப் படிக்க பிரிட்டன் தோதான இடம். குளிர் நாடு, பழைய வீடுகள், கணக்கெழுதும் பழக்கம். அந்த வரலாற்றின் நடுவில் ஒரு கருவி உட்கார்ந்திருக்கிறது: காசு போட்டால் கேஸ் தரும் மீட்டர். சுவரில் தொங்கும் உண்டியல் என்றே சொல்லலாம். ஏழை வீட்டுக்குள் வெளிச்சம் வந்தது அதனால்தான். அந்த வெளிச்சத்தை அணைக்கும் வேலையை அந்த வீட்டின் கையிலேயே ஒப்படைத்ததும் அதுதான். முதல் விஷயம் உடனே எல்லோர் கண்ணிலும் பட்டது. இரண்டாவதற்கு ஒரு பெயர் கிடைக்கவே நூறு வருஷம் ஆனது.

வாரக்கூலி, காலாண்டு பில்

லண்டனின் முதல் கேஸ் கம்பெனிக்கு அரச சாசனம் கிடைத்தது 1812-ல். நிலக்கரியைக் காய்ச்சி எடுத்த வாயு, குழாய் வழியாகத் தெருவிளக்குகளுக்கும் கடைகளுக்கும் வசதியான வீடுகளுக்கும் போனது. பில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. வருஷச் சம்பளமோ வாடகை வருமானமோ உள்ளவனுக்கு இது சிரமமே இல்லை.

தொழிலாளிக்குச் சம்பளம் வாரம்தோறும் வந்தது. துறைமுகக் கூலிக்கு அன்றன்றைக்கு. வாடகையும் வாரத்துக்கு. மூன்று மாத கேஸ் பில்லை அவன் எங்கே எடுத்துவைப்பான்? அடுத்த மாதம் அதே வீட்டில் இருப்பானா என்பதே நிச்சயமில்லை. கம்பெனிக்கும் அவன்மேல் நம்பிக்கையில்லை. ஆகவே பல பத்தாண்டுகள் அவன் வீட்டில் மெழுகுவர்த்தி, மண்ணெண்ணெய் விளக்கு, கொஞ்சம் கரி.

கரியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நிலவறை உள்ள வீட்டுக்காரர் கோடையில் விலை இறங்கும்போது டன் கணக்கில் வாங்கிப் போட்டுக்கொள்வார். ஒற்றை அறையில் குடியிருப்பவளுக்குக் கரி வைக்க இடமும் கிடையாது, மொத்தமாகக் கொடுக்கப் பணமும் கிடையாது. அவள் ஒரு ஹண்ட்ரட்வெயிட், அதாவது 51 கிலோ வாங்குவாள். கையில் காசு குறைந்தால் அதிலும் பாதி. சில்லறையாக வாங்கினால் விலை கூடும். லாம்பெத் கணக்குகளில் வாடகை, பிள்ளை இறந்தால் அடக்கம் செய்யக் கட்டும் இன்ஷூரன்ஸ், கரி, கேஸ், சோப்பு இவையெல்லாம் முதலில் போகும். சாப்பாட்டுக்கு மிஞ்சுவதுதான் மிச்சம். வாடகையைக் குறைக்க முடியாது, கரியை ஓரளவுக்குமேல் குறைக்க முடியாது, வயிற்றைக் குறைக்கலாம். அதுவும் யார் வயிறு? வேலைக்குப் போகும் கணவன் சாப்பிட வேண்டும், பிள்ளைகள் சாப்பிட வேண்டும். மிச்சம் யார் என்று சொல்லவே வேண்டாம்.

ஒரு பென்னிக்கு ஒரு பென்னி வெளிச்சம்

1880-களின் இறுதியில் இந்தச் சிக்கலுக்கு ஒரு இயந்திரம் வந்தது. மீட்டரின் வாயில் ஒரு பென்னியைப் போட்டு, கைப்பிடியைத் திருகினால், அந்தக் காசுக்கு உண்டான கேஸ் வரும். தீர்ந்தால் நின்றுவிடும். 1890-களில் லண்டனிலும் பிற தொழில் நகரங்களிலும் இது வேகமாகப் பரவியது. எடிசன், ஸ்வான் பல்புகளோடு மின்சாரம் பணக்கார வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த நேரம். கேஸ் கம்பெனிகளுக்குப் புது வாடிக்கையாளர்கள் தேவைப்பட்டார்கள். அதுவரை வேண்டாம் என்று ஒதுக்கியவர்களைத் தேடி அவர்களே போனார்கள்.

குழாய் இலவசம், விளக்கு இலவசம், ஒரு சின்ன அடுப்பும் இலவசம். உண்மையில் இலவசமா? இல்லை. பென்னி மீட்டர்காரருக்கு அதே காசுக்குக் கொஞ்சம் குறைவான கேஸ் வந்தது. குழாயின் விலை, அடுப்பின் விலை, காசெடுக்க வருகிறவரின் கூலி எல்லாம் அந்த வித்தியாசத்தில் அடக்கம். கடைசியில் அதிக விலை கொடுத்தது ஏழை வீடுதான்.

ஆனாலும் ஜனங்களுக்கு அந்த மீட்டர் பிடித்திருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். கடன் கிடையாது, திடீரென்று வந்து நெஞ்சை அடைக்கும் பில் கிடையாது. வாரக்கூலியின் ஓட்டத்துக்கு அது சரியாகப் பொருந்தியது. கரியடுப்பைப் பற்றவைக்காமலே காலையில் ஒரு டீ போட முடிந்தது. காசெடுக்கும் ஆள் வரும் நாள் ஒரு சின்னத் திருவிழா. உண்டியலைச் சமையலறை மேசையில் கவிழ்த்து, பென்னிகளை அடுக்கி எண்ணி, கணக்குக்கு மேல் விழுந்திருந்ததில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுப்பார். புருஷன் கைக்குப் போகாமல் நேரே மனைவி கைக்கு வரும் சில்லறை அது. பிள்ளைகளின் செருப்புக்கோ வாடகைப் பாக்கிக்கோ போகும்.

இன்னொரு பக்கமும் உண்டு. பித்தளை வட்டுகளையும் வெளிநாட்டுக் காசுகளையும் மீட்டருக்குள் தள்ளியவர்கள் இருந்தார்கள். மீட்டரை உடைத்துக் காசைத் தூக்குவது நகரத்துத் திருட்டுகளில் சாதாரணம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பழைய முறையில் பில் கட்டாத வீட்டுக்கு கேஸை நிறுத்த, கம்பெனி ஆள் அனுப்ப வேண்டும். வாசலில் ஒரு மனிதன் வந்து நிற்க வேண்டும். புது மீட்டரில் அந்த மனிதனுக்கு வேலையில்லை. பென்னி தீர்ந்தது, விளக்கு அணைந்தது, அவ்வளவுதான். யாரும் யாரையும் துண்டிக்கவில்லை.

ஷில்லிங் காலம்

பென்னி பிறகு ஷில்லிங் ஆனது, கேஸோடு மின்சார மீட்டரும் சேர்ந்துகொண்டது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் மின்சாரம் 1948-லும் கேஸ் 1949-லும் அரசுடைமை ஆயின. உண்டியல் மட்டும் அப்படியே இருந்தது.

1950-கள், 60-களில் கரீபியத் தீவுகளிலிருந்தும் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்தும் வேலைக்கும் படிப்புக்கும் போனவர்கள் தங்கியது பெரும்பாலும் ஒற்றை வாடகை அறைகளில். அறைக்கு அறை மீட்டர். அதை வைத்தது வீட்டுக்காரர். ஒரு ஷில்லிங்குக்கு எவ்வளவு கரன்ட் என்று நிர்ணயித்ததும் அவரே. வாரியத்துக்கு அவர் கட்டும் விலை ஒன்று, குடியிருப்பவரிடம் மீட்டர் வாங்கும் விலை இன்னொன்று. இப்படி மறுவிற்பனை செய்ய ஓர் உச்சவரம்பு சட்டத்தில் இருந்தது. ராத்திரி பத்து மணிக்கு, நடுங்கிக்கொண்டிருக்கும் ஒரு வாடகைக்காரர் வீட்டுக்காரரிடம் போய்ச் சட்டம் பேசுவாரா?

பக்கத்து அறைக் கதவைத் தட்டி, "ஒரு ஷில்லிங் இருக்குமா?" என்று கேட்பதே அன்றாடம். இல்லையென்றால் பாரஃபின் ஹீட்டர். நம்மூர் மண்ணெண்ணெய்தான். மலிவு, கையில் தூக்கி எங்கும் வைக்கலாம். ஆனால் எரியும்போது அது ஈரத்தைக் கக்கும். சன்னலைச் சாத்திய அறையில் சுவரெல்லாம் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். கால் பட்டுக் கவிழ்ந்தால் தீ. அந்தக் காலத்துக் குடியேறிகளின் நினைவுகளில் இந்த ஹீட்டரின் வாசனை திரும்பத் திரும்ப வருவது தற்செயல் இல்லை.

ஃபியூஸைப் பிடுங்கும் மனிதன்

1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி. கூடவே சுரங்கத் தொழிலாளர்களின் போராட்டம். 1974 ஜனவரியில் பிரிட்டன் தொழிற்சாலைகளுக்கு வாரம் மூன்று நாள்தான் மின்சாரம் என்றது. எரிசக்தி அமைச்சர் பேட்ரிக் ஜென்கின், இருட்டிலேயே பல் தேய்க்கலாமே என்று மக்களுக்கு யோசனை சொன்னார். அவர் வீட்டில் விளக்குகள் எரியும் புகைப்படத்தைப் பத்திரிகைகள் போட்டன. பூனையைக் கட்டிப்பிடிக்கச் சொன்ன 2022-க்கு 48 வருடம் முந்தைய சம்பவம் இது. சிக்கனம் போதிப்பவர் எப்போதும் விளக்கெரியும் வீட்டிலிருந்துதான் பேசுவார்போல.

நெருக்கடி முடிந்தது, விலை இறங்கவில்லை. 60-களில் கட்டிய அரசுக் குடியிருப்புகள் பலவற்றில் தரைக்கடியில் மின்சாரச் சூடேற்றி பதித்திருந்தார்கள். மின்சாரம் மலிவாகவே இருக்கும் என்று நம்பிக் கட்டிய வீடுகள். இப்போது அதைப் போட்டால் பில் தாங்காது, போடாவிட்டால் கான்கிரீட் சுவரில் பூஞ்சை. பலர் அதை நிறுத்திவிட்டுப் பழைய பாரஃபின் ஹீட்டருக்கே திரும்பினார்கள். பூஞ்சை இன்னும் கூடியது.

பில் கட்ட முடியாத வீடுகளுக்குத் துண்டிப்பு வந்தது. நம்மூர் பாஷையில், ஃபியூஸைப் பிடுங்கிட்டுப் போயிட்டாங்க. இது தெருவுக்கே தெரியும். எத்தனை வீடு என்று வாரியத்திடம் எண்ணிக்கை இருக்கும். அந்த எண்ணிக்கையை வைத்து நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்கலாம், பத்திரிகையில் எழுதலாம். 1970-களின் நடுவில் எரிபொருள் ஓர் உரிமை என்று சொல்லும் இயக்கம் பிறந்தது. முதியோர், கைக்குழந்தை உள்ள வீடுகளைக் குளிர்காலத்தில் துண்டிக்காதே என்ற விதிகள் மெல்ல வந்தன. அவமானம்தான், ஆனால் கண்ணுக்குத் தெரிந்த அவமானம். தெரிந்ததால்தான் அதை எதிர்த்துப் பேச முடிந்தது.

எண்ணிக்கையில் வராத இருட்டு

1986-ல் கேஸும் 1990-ல் மின்சாரமும் தனியாருக்குப் போயின. ஷில்லிங் மீட்டரின் இடத்துக்கு டோக்கன், கார்டு, பிளாஸ்டிக் சாவி வந்தன. பாக்கி வைத்த வீடுகளுக்கு அந்த மீட்டரை மாட்டிவிட்டார்கள். மின்சாரத் துண்டிப்பு பல்லாயிரங்களிலிருந்து சில நூறுகளாகச் சரிந்தது. அறிக்கையில் பார்த்தால் பெரிய சாதனை.

அந்த வீடுகள் இப்போது என்ன செய்தன? சாவியில் காசிருந்தால் எரிந்தது, தீர்ந்தால் அணைந்தது. பழைய பாக்கியையும் மீட்டரே கழித்துக்கொள்ளும். அன்றாட நிலைக்கட்டணம் நீங்கள் கரன்டைத் தொடாவிட்டாலும் ஏறும். மூன்று நாள் இருட்டில் இருந்துவிட்டு ஐந்து பவுண்டு போட்டால், அதில் ஒரு பங்கு அந்த இருட்டு நாட்களின் கட்டணமாகவே போய்விடும். இருட்டுக்கும் வாடகை!

இந்த நிலைக்கு ஆய்வாளர்கள் ஒரு பெயர் வைத்தார்கள்: செல்ஃப் டிஸ்கனெக்‌ஷன். தன்னைத்தானே துண்டித்துக்கொள்வது. அந்தச் சொல்லைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். துண்டித்தவர் யார்? நீங்கள்தான். கம்பெனி ஒன்றும் செய்யவில்லை. பென்னி மீட்டர் சத்தமில்லாமல் செய்துவந்த வேலையை இந்தச் சொல் ஒப்புக்கொள்கிறது, அதே மூச்சில் பொறுப்பை ஏழையின் தலையில் வைத்தும்விடுகிறது.

வேறு மாதிரியும் முடிவெடுத்திருக்கலாம் என்பதற்கு அதே நாட்டில் சாட்சி இருக்கிறது. தண்ணீர். 1989-ல் தனியாருக்குப் போன தண்ணீர்க் கம்பெனிகள் சில, முன்பணம் தீர்ந்தால் தானாக வால்வை மூடும் கருவியை வீடுகளில் வைத்தன. சில உள்ளாட்சி மன்றங்கள் வழக்குப் போட்டன. 1998-ல் உயர் நீதிமன்றம், வால்வு தானாக மூடினாலும் அது துண்டிப்புதான், அதற்குரிய சட்ட நடைமுறையைத் தாண்ட முடியாது என்றது. 1999-ல் வந்த சட்டம், பாக்கிக்காக எந்த வீட்டின் தண்ணீரையும் நிறுத்தக் கூடாது என்றே தடை போட்டது. கம்பெனிகள் திவாலாகவில்லை. கேஸுக்கும் மின்சாரத்துக்கும் அந்தத் தீர்ப்பு நீளவில்லை. தாகத்தால் சாகலாம் என்பது நீதிமன்றத்துக்குப் புரிந்தது. குளிரால் சாவது மெதுவாக நடக்கும் காரியம்.

பில் சொல்லாத உண்மை

1991-ல் ப்ரெண்டா போர்ட்மன் என்ற ஆய்வாளர் 'ஃபியூவல் பாவர்ட்டி' என்ற புத்தகத்தை எழுதினார். எரிபொருள் வறுமை. வீட்டைப் போதிய கதகதப்பில் வைக்க வருமானத்தில் 10 சதவீதத்துக்கு மேல் செலவிட வேண்டியிருந்தால் அந்த வீடு வறுமையில் இருக்கிறது என்றார். இதில் முக்கியமான சொல் 'வேண்டியிருந்தால்'. உண்மையில் செலவிட்ட தொகையைப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். ஒரே அறையில் எல்லோரும் முடங்கி, கோட்டோடு தூங்கி, வாரம் ஒரு முறை குளித்து, மாலை ஏழு மணிக்கே படுக்கைக்குப் போகும் வீட்டின் பில் சின்னதாகத்தான் இருக்கும். சமாளிக்கச் சமாளிக்க, சிரமம் கணக்கிலிருந்து மறைந்துகொண்டே போகும்.

போர்ட்மன் சொன்ன இன்னொன்று: வெறும் உதவித்தொகை போதாது, வீட்டைச் சரிசெய்ய வேண்டும். கூரையிலும் சுவரிலும் சூடு ஒழுகும் வீட்டில் எவ்வளவு காசு போட்டாலும் அது வானத்துக்குத்தான் போகும். ஏழைகளுக்கு வாய்ப்பதோ அப்படிப்பட்ட வீடுகள். 2000-ல் சட்டம் வந்தது. இங்கிலாந்தில் 2016-க்குள் எரிபொருள் வறுமையை இயன்றவரை ஒழிப்பது இலக்கு. கெடு நெருங்கியபோது, 2013-ல், அளவுகோலையே மாற்றினார்கள். பழைய அளவுகோலில் குறைகள் இருந்தன என்பது உண்மை. விலை ஏறினால் வசதியான வீடுகளும் அதில் சேர்ந்துவிடும். ஆனால் அளவுகோல் மாறியதில் எண்ணிக்கை குறைந்ததே தவிர ஒரு சுவரும் சூடாகவில்லை. அதே காலத்தில் வீடுகளுக்கு இன்சுலேஷன் செய்யும் வேலையும் சரிந்தது.

மூவாயிரத்து ஐந்நூறு பவுண்டு

2021 அக்டோபரில் ஒரு சராசரி வீட்டின் வருடாந்திர உச்சவரம்பு 1,277 பவுண்டு. 2022 ஏப்ரலில் 1,971. யுக்ரைன் போரோடு கேஸ் விலை எகிற, அக்டோபருக்கு அறிவித்தது 3,549. அரசு தலையிட்டு 2,500-ல் நிறுத்தியது, வீட்டுக்கு 400 பவுண்டு உதவியும் கொடுத்தது. பழைய சாவி மீட்டர்காரர்களுக்கு அந்த உதவி கூப்பனாக வந்தது. கடைக்குப் போய் மாற்ற வேண்டும். பல லட்சம் கூப்பன்கள் மாற்றப்படாமலே காலாவதியாயின.

நூலகங்களும் தேவாலயங்களும் பகலில் வந்து உட்கார இடம் கொடுத்தன. உணவு வங்கிக்கு வருபவர்கள் உருளைக்கிழங்கை வேண்டாம் என்கிறார்கள், வேகவைக்கக் காசில்லை என்று ஐஸ்லாந்து சூப்பர்மார்க்கெட் தலைவர் ரிச்சர்ட் வாக்கர் வானொலியில் சொன்னார். லாம்பெத் அம்மாக்களின் அதே பதில்.

சாவியில் காசேற்றுவது தெருமுனைக் கடையில். லண்டனில் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ பக்கம் அந்தக் கடைகளில் பல ஈழத்தமிழர்களுடையவை. "அண்ணை, அஞ்சு பவுண்ஸ் போடுங்கோ." இருபது போட்டவர் பத்துக்கும், பத்துப் போட்டவர் ஐந்துக்கும் இறங்குவதைக் கல்லாவுக்குப் பின்னால் நிற்பவர் எந்த அறிக்கைக்கும் முன்பே பார்த்துவிடுவார். அதை எழுதிக்கொள்ள அவரிடம் ஒரு பதிவேடு இருந்ததில்லை.

2022-ல் மட்டும் 32 லட்சம் பேர் மீட்டரில் காசு தீர்ந்து இருட்டில் இருந்ததாக சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு மதிப்பிட்டது. அதே வருடம் கம்பெனிகள் கடனாளி வீடுகளில் இந்த மீட்டரைக் கட்டாயமாக மாட்டின. வீட்டுக்குள் நுழைய 1954-ம் வருடச் சட்டத்தின்கீழ் வாரண்ட் வேண்டும். நீதிமன்றங்கள் நூற்றுக்கணக்கான வாரண்டுகளைச் சில நிமிடங்களில் மொத்தமாகக் கொடுத்தன. ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் அதுவும் வேண்டாம், அலுவலகத்திலிருந்தே ப்ரீபெய்டாக மாற்றிவிடலாம். 2023 பிப்ரவரியில் ஒரு நாளிதழின் நிருபர் மீட்டர் மாட்டும் குழுவோடு ரகசியமாகப் போய், பூட்டை உடைத்து நுழைவதைப் பார்த்து எழுதினார். கதவு உடைபடும் காட்சி வெளியே வந்ததும் நாடு அதிர்ந்தது. வாரண்டுகள் நிறுத்தப்பட்டன. 75 வயதைத் தாண்டியவர்கள், இரண்டு வயதுக்குக் கீழ் குழந்தைகள் உள்ள வீடுகளில் கட்டாயமாக மாட்டக் கூடாது என்ற விதி அந்த வருடமே வந்தது. அந்த ஜூலையில் ப்ரீபெய்டுக்கான கூடுதல் விலையும் நீங்கியது. 1890-களில் தொடங்கிய கணக்கு அது.

கவனியுங்கள், கதவை உடைக்க ஆள் வந்தபோதுதான் கோபம் வந்தது. மீட்டர் சும்மா அணைந்த 32 லட்சம் பேருக்கு அவ்வளவு கோபம் வரவில்லை.

நம் சுவருக்கு வருவது

இந்திய அரசு 2021-ல் கொண்டுவந்த மின்விநியோகச் சீரமைப்புத் திட்டத்தின் இலக்கு 25 கோடி ப்ரீபெய்டு ஸ்மார்ட் மீட்டர்கள். பீகாரில் பரவலாக வந்துவிட்டது. தமிழ்நாட்டில் நாம் இன்னும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்க வருபவரையும், முதல் 100 யூனிட் இலவசத்தையும் பழகியிருக்கிறோம். பாக்கி வைத்தால், 2003 மின்சாரச் சட்டத்தின் 56-ம் பிரிவுப்படி 15 நாள் முன்னறிவிப்பு கொடுத்துத்தான் துண்டிக்க முடியும். அந்த 15 நாளில் நகை அடகுக்குப் போகும், தெரிந்தவரிடம் கைமாத்து வாங்கலாம், ஆபீஸில் போய்க் கெஞ்சலாம், சண்டையும் போடலாம். இருப்பு தீர்ந்ததும் தானாக அணையும் மீட்டரில் அந்த 15 நாள் எங்கே போகும்?

ப்ரீபெய்டே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. லாம்பெத் அம்மாக்களுக்கு அது உதவியாகவும் இருந்தது, தினக்கூலிக்குத் தினக் கணக்கு பொருந்தத்தான் செய்யும். கேட்க வேண்டிய கேள்வி வேறு. பென்னி மீட்டருக்கு நினைவு கிடையாது, எத்தனை ராத்திரி இருட்டாக இருந்தது என்று அதைக் கேட்க முடியாது. ஸ்மார்ட் மீட்டருக்கு எல்லாம் தெரியும், எந்த வீடு எத்தனை மணி நேரம் பூஜ்ஜியத்தில் நின்றது என்பது உட்பட. ஒழுங்குமுறை ஆணையம் கட்டண உயர்வுக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தும்போது அந்த எண்ணிக்கையை மாவட்ட வாரியாக மேசையில் வைக்கச் சொல்லலாம். அந்த அணைவையும் துண்டிப்பு என்றே எழுதச் சொல்லலாம். மீட்டர் வந்தபிறகு கேட்டால், நீங்களே துண்டித்துக்கொண்டீர்கள் என்று பதில் வரும்.